டயரில் பூசிய திருநீறு

மேட்டுக்கல் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிக்குக் கிடைத்த மரியாதை மனிதருக்குக் கிடைத்ததில்லை. லொறி நிற்கும் கொட்டகைக்கு வருடம் தவறாமல் புதுத் தகரம் போட்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையில் எத்தனை ஓட்டை என்றால், மழை பெய்யும்போது நனையாமல் இருக்க விரும்பியவர்கள் வெளியே வந்து நின்றார்கள்.

பொகவந்தலாவைப் பாதையிலிருந்து பிரிந்து நாலு கட்டை, அதாவது நாலு மைல், ஏறினால் மேட்டுக்கல். பதினெட்டு வளைவுகள். ஆறாம் வளைவு எவ்வளவு நெருக்கம் என்றால், லொறியின் முன்சீட்டில் இருப்பவர் கையை நீட்டிப் பின்னால் மூட்டைமேல் இருப்பவரிடம் வெற்றிலை வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

2002ஆம் வருடம், ஐப்பசி மழையில், ராசம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. லொறி டிரைவரைப் போய்க் கூப்பிட்டார்கள். “ரோடு வழுக்குது. தொரைகிட்ட சீட்டு வாங்கிட்டு வாங்க,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். முந்தின நாள் அதே மழையில், அதே ரோட்டில், கொழுந்தை ஏற்றிக்கொண்டு இறங்கியவன்தான் அவன். கடைசியில் கம்பளியில் கட்டி நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ராசம்மா பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

தூக்கிய நாலு பேரில் மூன்று பேர் ஆண்கள். நாலாவது ஆள் ஜீவராணி. நான் சொல்ல வந்தது அவளைப் பற்றித்தான்.

ஜீவராணி அந்தத் தோட்டத்து மூன்றாம் லயத்தில் பிறந்தவள். பதினாறு வயதில் அட்டனில் தாய்மாமன் மாயாண்டியின் டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கழற்றுவது, ஒட்டுவது, காற்றடிப்பது எல்லாம் அவள்தான். மாமன் காசை வாங்கிப் போட்டுக்கொண்டு சாமி படத்துக்குப் பத்தி கொளுத்துவார். கட்டைவிரலால் ஒரு டயரை அமுக்கிப் பார்த்தே அது எந்த ரோட்டில் ஓடியது என்று சொல்லிவிடுவாள். கந்தப்பளை ரோட்டில் ஓடிய டயரில் அங்கே விளையும் முட்டைக்கோவா வாசனை வரும் என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. முகர்ந்து பார்த்த பிறகு நம்பினேன்.

பிறகு தோட்டத்துக்குத் திரும்பி, கொழுந்து எடுத்துக்கொண்டே லீவு நாளில் கடைக்குப் போய் வந்தாள். இருபத்தாறு வயதில் கனரக வாகன லைசன்ஸ் எடுத்தாள். ராசம்மாவின் பிள்ளை போய் நாலு மாதத்தில் அந்த டிரைவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டான். இடம் காலி. ஜீவராணி மனுப் போட்டாள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அந்த லொறியின் சாவி தன் கையில் இருக்க வேண்டும். அடுத்த பிரசவத்துக்குக் கம்பளி தேடக் கூடாது.

மனுவுக்குப் பதில் பெரட்டுக் களத்தில் கிடைத்தது. காலையில் பேர் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கும் இடத்தில், இருநூறு பேர் முன்னால்.

“பொம்பள லொறி ஓட்டினா கொழுந்து யார் எடுக்கிறது? நானா?” என்றார் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அன்றைய வேலைக்குப் பேர் விழாது.

“லைசன்ஸ் இருக்குங்க தொரை,” என்றாள் ஜீவராணி.

“லைசன்ஸ் நிறைய பேருக்கு இருக்கு. ரோட்டுக்குக் கை வேணும்.” தொரைக்கு அன்றைக்கு விளையாட்டுப் புத்தி. “ஏப்ரல் மாசம் கிளப்ல ரேஸ் இருக்குதானே. அந்த ஆயிரம் சீசி வகுப்புல யார் மொதலா வாறதோ, அந்த ஆளுக்கு லொறிச் சாவி. சரியா? இப்ப கொழுந்து எடுக்க மலைக்குப் போ.”

மறுபடியும் சிரிப்பு. பக்கத்தில் நின்ற உதவி மேனேஜர் சின்ன தொரைதான் அதிகமாகச் சிரித்தார். முந்தின இரண்டு வருடமும் அந்த வகுப்பில் முதலாவதாக வந்தவர் அவர்தான்.

அந்த ரேஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கில் தொரைமாரின் கிளப் ஒன்று இருந்தது. அதன் புல் மைதானத்தில் தார்ப் பீப்பாய்களை வளைந்து வளைந்து அடுக்கி வைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். பீப்பாய்களைச் சுற்றி, எதையும் தட்டாமல், குறைந்த நேரத்தில் திரும்பி வர வேண்டும். பந்தயம் இன்னொரு காரோடு இல்லை, கடிகாரத்தோடு. தட்டிய பீப்பாய்க்கு இரண்டு விநாடி தண்டம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி கிளப்பின் விதிப்புத்தகத்தோடு, தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சரான என் வீட்டுக்கு வந்தாள். ஆங்கிலத்தில் இருந்தது. நான் வாசித்தேன், அவள் வாசற்படியில் இருந்து கேட்டாள். இயந்திரத்தின் அளவை வைத்துக் கார்களை நாலாகப் பிரித்திருந்தார்கள். ஆயிரம் சீசிக்கு உட்பட்டவைதான் ஆகச் சிறியவை. ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாகப் பிரித்திருந்தார்கள்: தொழிற்சாலையில் செய்தபடியே இருக்கும் கார், கைவைத்து மாற்றிய கார். டயர்கூடக் கணக்கில் வரும். பந்தய டயர் போட்டால் வகுப்பு மாறிவிடும்; ரோட்டில் ஓடும் சாதாரண டயர், அதே அளவில், இருந்தால் மாறாது. கடைசிப் பக்கத்தில் ‘மகளிர் வகுப்பு’ என்று தனியாக ஒன்று.

“அது எதுக்குங்க டீச்சரம்மா?”

“பொம்பளைகளுக்கு. முதல் பரிசு தேத்தண்ணிக் கோப்பை ஒரு செட்.”

“கொழுந்தும் நாங்கதான் எடுக்கணும், கோப்பையும் எங்களுக்குத்தானா?” என்றாள். “அது வேணாங்க. தொரை சொன்ன வகுப்ப மட்டும் பாருங்க.” சின்ன தொரை வென்று வந்தது மாற்றாத கார்ப் பிரிவில்; தொரை சொன்னதும் அதைத்தான்.

மாயாண்டியிடம் பழைய மினி கார் ஒன்று இருந்தது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு சீசி, வகுப்புக்குள் அடங்கும். ஆனால் மாற்றாத காரில் எல்லா சீட்டும் இருக்க வேண்டுமாம். டயர் ஏற்றுவதற்காகக் கழற்றி வைத்த பின்சீட்டில் மாயாண்டியின் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பதினோரு குஞ்சும் பொரிக்கும்வரை பந்தய வேலை காத்திருந்தது.

பிறகு டயர். முந்தின வருடம் கொழும்பிலிருந்து வந்த ஒரு பந்தயக்காரர் விட்டுப்போன டயர்கள் நாலு கடையில் கிடந்தன. வெட்டே இல்லாத வழவழப்பான டயர், மெழுகு போல மிருதுவான இறப்பர்.

“இதப் போட்டா கார் தரைய விட்டு வராது புள்ள,” என்றார் மாயாண்டி.

“இதப் போட்டா நம்ம வகுப்ப விட்டுப் போயிருவோம் மாமா. அதோட, சின்னக் காரெல்லாம் மத்தியானத்துக்கு மேலதான் ஓடணும். காலையில பெரிய காருங்க, விருந்தாளிக பாக்க. சித்திரையில ரெண்டு மணிக்கு மேல இங்க மழை வராத நாள் உண்டா? ஈரப் புல்லுல வெட்டு இல்லாத டயர் சவுக்காரக் கட்டி மாதிரி வழுக்கும்.”

சாதாரண ரோட்டு டயரைத்தான் எடுத்தாள். அதிலும் ஒரு கணக்கு வைத்திருந்தாள். மினி முன்சில்லால், அதாவது முன்சக்கரத்தால், இழுக்கும் கார். ஆழமான வெட்டுள்ள புது டயர் இரண்டை முன்னால் போட்டாள். பின்னால், நாலு வருடம் ஓடி இறுகிப்போன இரண்டு.

“பின்னால வழுக்குமே,” என்றார் மாமன்.

“வழுக்கணும் மாமா. முன்சில்லு புடிச்சுக்கிட்டு நிக்கணும், வால் மட்டும் பீப்பாயச் சுத்தி வரணும். நாய் படுக்கிறதுக்கு முன்னால சுத்துமே, அப்பிடி.”

அடுத்தது காற்று. குறைத்தால் வளைவில் டயர் மடிந்து விளிம்பில் உரசும். கூட்டினால் பந்து போலத் துள்ளும். எவ்வளவு சரி என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வழி தெரியும்: டயரின் தோளில் வெள்ளைக் கோடு போட்டு, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால், எதுவரை உரசி அழிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். கரும்பலகையில் எழுதும் சோக்கு வேண்டும். கடையில் சோக்கு இல்லை. மாயாண்டி சாமி படத்துக்கு முன்னாலிருந்து திருநீற்றைக் குழைத்து எடுத்து வந்தார். நெற்றியில் பூசிப் பழகிய கை. ஒரு கோடு போடச் சொன்னால் மூன்று கோடு போட்டது.

கோயில் மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். முன்னால் முப்பத்திரண்டு இறாத்தல் காற்று, பின்னால் முப்பத்தாறு. நாலு டயரும் பட்டையடித்துக்கொண்டு பக்திமானாய் ஓடின.

பந்தயத்தன்று காலையில் மாயாண்டி காற்றைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கத் திருநீற்றைப் பூசினார். துடைக்க மறந்துவிட்டார். மறந்தார் என்பதுகூடச் சரியில்லை. பூசிய திருநீற்றைத் துடைத்துவிட்டு நல்ல காரியத்துக்குப் போகிறவர் யார்?

பதிவு மேசையில் ஜீவராணியைப் பார்த்தவுடனேயே ‘மகளிர்’ என்று எழுதினார்கள். அவள் விரலை வைத்து ஆயிரம் சீசி, மாற்றாத கார் என்ற வரியைக் காட்டினாள். புத்தகத்தில் பெண்ணுக்குத் தடை இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு அடித்து எழுதினார்கள். அடுத்து பரிசோதகர். தொப்பியும் பென்சிலுமாக இருந்த அந்த மனிதர் காரைச் சுற்றி வந்து முன்டயர் அருகே குந்தினார்.

“இது என்ன?”

“திருநீறு,” என்று ஜீவராணி சிங்களத்தில் விளக்கினாள். கோயில் சாம்பல், காற்றுப் பார்க்கப் பூசியது என்றாள்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். மாற்றாத காரின் டயரில் எந்தப் பொருளையும் பூசக் கூடாது. ஒன்பதாம் விதி. இறப்பரை மிருதுவாக்கும் மருந்து பூசி ஏமாற்றுகிறவர்களுக்காக வந்த விதி அது. குடையோடு அங்கே நின்ற சின்ன தொரை, “என்னென்ன கலந்திருக்காங்களோ,” என்றார். காற்றிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

ஜீவராணி டயரிலிருந்து திருநீற்றை விரலால் வழித்து வாயில் போட்டு விழுங்கினாள். இன்னொரு விரலால் வழித்து அந்த மனிதரின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“மருந்துன்னா நான் இப்ப விழணும். விழலியே. நீங்களும் கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க.”

அவர் சாப்பிடவில்லை. எழுதினார். மாற்றிய கார்.

நானும் அவர்களோடு போயிருந்தேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. பதினாலாம் விதியைத் திறந்து அவர் முன்னால் பிடித்தேன்: குறை கண்டால், ஓட்டத்துக்கு முன் அதைச் சரிசெய்ய அவகாசம் கொடுக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீர் போதுமே ஐயா என்று அவருடைய ஆங்கிலத்தைவிட நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். “அது அங்கத்தவர்களுக்கு,” என்றார். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அடுத்த காருக்குப் போய்விட்டார்.

முதலாளிமார் எழுதிய விதியை வாசிக்கத் தெரிந்துகொண்டால் போதும் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

இரண்டே காலுக்கு மழை வந்தது. ஜீவராணி பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். மூன்றாம் பீப்பாயில் கார் திரும்பியபோது பின்பக்கம் முன்பக்கத்தை முந்திவிட்டது என்றே நினைத்தேன். ஒரு பீப்பாயும் ஆடவில்லை. ஐம்பத்தொன்று புள்ளி எட்டு விநாடி. இயந்திரத்தைக் கடைந்து மாற்றிய கார்களின் கூட்டத்தில் அவள் இரண்டாவது. அரை விநாடியில் முதலிடம் போனது. மாற்றாத கார் வகுப்பில் முதலாவது சின்ன தொரை, ஐம்பத்து நாலு புள்ளி ஆறு விநாடி.

இரண்டு நேரமும் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருந்தன. மேட்டுக்கல் சனம் வேலிக்கு வெளியே நின்று வாசித்தது.

பெரிய தொரையிடம் போய் நின்றாள். “நேரத்தப் பாருங்க தொரை. சின்ன தொரையவிட ரெண்டு விநாடிக்கு மேல முந்தியிருக்கேன்.”

“வகுப்பு வேற,” என்றார் தொரை. “நான் மொதலா வாற ஆளுக்குத்தானே சொன்னது. நீ இரண்டு.” சொல்லிவிட்டுச் சின்ன தொரையின் முதுகில் தட்டிக்கொடுக்கப் போனார்.

அவள் அழவில்லை. காரில் ஏறி அட்டன் வரை அவளே ஓட்டினாள். மாயாண்டிதான் வழியெல்லாம் அழுதார், தன் கையைத் தானே அடித்துக்கொண்டு.

திங்கட்கிழமை பின்னேரம் நிறுவைக் களத்தில் கொழுந்து மூட்டைகள் அடுக்கியிருந்தன. லொறியை ஓட்டப் பக்கத்துப் பிரிவிலிருந்து இரவல் டிரைவர் வந்து நின்றார். நாகலெட்சுமி என்கிற கொழுந்துக்காரி தன் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவள் வாய்க்குக் கங்காணிமாரே இரண்டு மலை தள்ளி நிற்பார்கள்.

“இவரு யாருங்க? ஆயிரம் சீசியில மொதலா வந்தவரா?”

பெரிய கிளாக்கர் தம்பிராசா, யாழ்ப்பாணத்துக்காரர், கணக்குப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். “என்ன பிள்ளை சொல்லுறாய்?”

“பெரிய தொரை பெரட்டுல வாயால சொன்னதுங்க ஐயா. மொதலா வாற ஆளுக்குத்தான் லொறிச் சாவி. மொதலா வந்தது சின்ன தொரை. அவரு ஓட்டட்டும், நாங்க மூட்டைய ஏத்துறோம். வேற ஆளுன்னா ஏத்த மாட்டோம். தொரை வாக்கு பொய்யாகக் கூடாதில்லையா?”

மற்றப் பெண்களும் தங்கள் மூட்டைமேல் உட்கார்ந்தார்கள். ஜீவராணியும் தன் மூட்டைமேல் உட்கார்ந்தாள். சின்ன தொரை மோட்டார் சைக்கிளில் வந்தபோது அறுபது பெண்கள் எழுந்து நின்று, “டிரைவர் ஐயா வந்துட்டாரு,” என்றார்கள்.

அவருக்கு முகம் சிவந்தது. பெண்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டு இறங்காமல் இருக்க அந்த வயதில் யாரால் முடியும்? “சாவியைக் கொண்டா,” என்றார்.

மூட்டைகளை ஏற்றினார்கள். மழை பிடித்தது. ஐந்து வளைவு இறங்கினார். ஆறாவதில் லொறியின் பின்பக்கம் வழுக்கி இரண்டு சில்லும் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கின. முன்னே போனால் பள்ளம், பின்னே போனால் மண்மேடு. காலால் மிதிக்க மிதிக்கச் சில்லுகள் சேற்றைத்தான் தோண்டின. கொழுந்து மூட்டைக்குள் நெருங்கிக் கிடந்தால் சூடேறும், சூடேறினால் சிவக்கும், சிவந்தது குப்பை. ஒரு மணி நேரம் போனது.

பெரிய தொரை ஜீப்பில் வந்தார். கிளாக்கரும் கூட வந்தார். வளைவைச் சுற்றிப் பெண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

“எங்க அந்தப் பொம்பள?”

ஜீவராணி முன்னால் வந்தாள்.

“எடுக்க முடியுமா?”

“முடியுங்க.”

“அப்ப எடு.”

“கடுதாசி குடுங்க. எடுக்கிறேன்.”

“என்ன கடுதாசி?”

“லொறி டிரைவர் வேலைக்குங்க. பேரு போட்டு, கையெழுத்து வச்சு.”

தொரை கத்தினார். என்னென்ன சொல்லிக் கத்தினார் என்பதை எழுதினால் தாள் கிழியும். ஜீவராணி மூட்டை ஒன்றுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். “சுடுதுங்க தொரை,” என்றாள். அவ்வளவுதான். அவர் ஜீப்பின் மூடிமேல் தாளை வைத்து, கிளாக்கர் குடை பிடிக்க, ஆங்கிலத்தில் எழுதி நீட்டினார்.

அவள் அதைத் தம்பிராசாவிடம் கொடுத்தாள். “வாசிங்க ஐயா.”

தம்பிராசாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. தொரை அவரைப் பார்த்தார். அவர் தாளை மட்டும் பார்த்தார். “லொறிச் சாரதியாய் நியமிக்கிறன் எண்டு இருக்கு, பிள்ளை. பிறகு இன்னொரு வரியும் இருக்கு. பொருத்தமான ஆண் சாரதி ஒருவர் கிடைக்கும் வரைக்கும் எண்டு.”

நாகலெட்சுமி காறித் துப்பினாள்.

“அந்த வரிய அடிங்க தொரை,” என்றாள் ஜீவராணி. “அடிச்சு, பக்கத்துல கையெழுத்து வைங்க. இன்னும் ரொம்பச் சுடுது.”

அடித்தார். பேனா தாளைக் கிழித்தது, ஆனாலும் கையெழுத்து விழுந்தது. அவள் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்டயர்களில் காற்றைப் பாதியாக இறக்கினாள். சேற்றில் பிடிக்கிற அளவுக்கு டயர் பரந்து உட்கார்ந்தது. சாக்குகளை அடியில் திணித்தாள். “சின்ன தொரை, அந்தக் கல்லத் தூக்கிப் பின்சில்லுக்கு வைங்க,” என்றாள். அவர் சுற்றிலும் பார்த்தார். வேறு யாரும் அசையவில்லை. தூக்கினார். இரண்டாம் முயற்சியில் லொறி கானை விட்டு ஏறியது.

பாதிக் கொழுந்து சிவந்துபோயிருந்தது. புதன்கிழமை தொழிற்சாலையிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது, சாரதி ஜீவராணி என்று பெயர் போட்டு. அந்த வேலையில் அவளுக்கு வந்த முதல் தாள் அது. அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பதிலை மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன்.

“நான் சொல்றேன், நீங்க எழுதுங்க டீச்சரம்மா,” என்றாள். “கொழுந்து சூடேறின நேரத்துல லொறிய ஓட்டுனவரு, ஆயிரம் சீசி வகுப்புல மொதலா வந்தவருன்னு எழுதுங்க. விளக்கத்த அவர்கிட்டக் கேக்கச் சொல்லுங்க.”

அப்படியே எழுதினேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.